கடைசி எட்டுக் கட்டங்கள்

குன்னூர்,
21.9.1977

திட்ட மேலாளர் திரு. பாலசுப்பிரமணியம் அவர்களுக்கு,

நீங்கள் சென்னையிலிருந்து அனுப்பிய வீட்டுப் பட்டியல் நேற்று வந்தது. இரண்டு முறை படித்தேன். மூன்றாம் முறை படித்தால் கிழித்துவிடுவேன் என்பதால் பெட்டியில் வைத்துப் பூட்டிவிட்டேன்.

கீழ் கோத்தகிரிச் சரிவில் தொள்ளாயிரம் வீடுகள் கட்டி முடிந்திருக்கின்றன. இலங்கைத் தோட்டங்களிலிருந்து திரும்பி வந்தவர்களிடம் ஆயிரத்து நூற்று நாற்பது ஃபேமிலி கார்டுகள் இருக்கின்றன. ஒரு கார்டுக்கு ஒரு துளை அட்டை, விவரமெல்லாம் அதில் துளைகளாக, என்று கம்ப்யூட்டருக்குள் போட்டீர்கள். 529 கார்டுகளுக்கு வீடு என்று வந்திருக்கிறது. 611 கார்டுகளுக்கு 'தகுதியில்லை'. அதாவது முந்நூற்று எழுபத்தொரு வீடுகள் பூட்டிக் கிடக்கும். அறுநூற்றுப் பதினொரு கார்டுக்காரர்கள் அக்டோபர் இருபதாம் தேதிக்குள் பஸ் ஏறிச் சமவெளி முகாமுக்குப் போக வேண்டும். இந்தக் கூட்டல் கழித்தலை உங்கள் அலுவலகத்தில் ஒருவரும் போட்டுப் பார்க்கவில்லையா?

ஒரு கார்டில் வேலை செய்யக்கூடியவர் இருவராவது இருந்தால்தான் வீடு என்பது விதி. விதியோடு எனக்குச் சண்டையில்லை. தெய்வம்மா என்ற பெண்ணின் அட்டையை நான் கையால் போட்டுப் பார்த்தேன். வயது நாற்பத்து நான்கு, விதவை. அவள் கார்டில் அவளும் ஒன்பது வயது மகளும். வேலைக்கு ஒரு ஆள், எனவே தகுதியில்லை. மகன் வடிவேலுக்கு இருபத்திரண்டு வயது. கண்டியில் இந்தியத் தூதரக அலுவலகத்தில் அவன் மனுவை வேறு காகிதக் கட்டோடு சேர்த்துவிட்டார்கள்; எட்டு மாதம் கழித்துத் தனிக் கார்டோடு வந்தான். அவன் கார்டிலும் ஒரு ஆள், தகுதியில்லை. இரண்டு பேரும் ஒரே தகரக் கொட்டகையில்தான் இருக்கிறார்கள். உங்கள் இயந்திரத்துக்கு அவர்கள் யாரோ, எவரோ.

பட்டியலை நிறுத்திவையுங்கள். இப்படி இன்னும் எத்தனை பேர் என்று பார்க்க வேண்டும்.

யூனிஸ்
கணக்கெடுப்பு அலுவலர்


சென்னை,
26.9.1977

அன்புள்ள மிஸ் யூனிஸ்,

தங்கள் 21ஆம் தேதியிட்ட கடிதம் கிடைத்தது. அதன் தொனி வருத்தமளிக்கிறது.

பட்டியலைக் கம்ப்யூட்டர் பதினோரு நிமிடத்தில் தயாரித்தது. மேலிடத்தில் பெரும் திருப்தி. மாவட்ட அளவில் இப்படியொரு பணி கம்ப்யூட்டரில் நடப்பது இதுவே முதல் தடவை என்று பாராட்டினார்கள். இந்த நிலையில் பட்டியலை நிறுத்துவது இயலாத காரியம். பாதிக்கப்பட்டவர்கள் மனு கொடுக்கட்டும், பரிசீலிக்கப்படும்.

அட்டையில் என்ன துளை, ப்ரோகிராமில் என்ன வரி என்பதெல்லாம் அதற்கென இருப்பவர்கள் பார்த்துக்கொள்வார்கள். மேலாளரின் வேலை ஆட்களை நியமிப்பது, தேதி குறிப்பது, தேதிக்குள் முடிப்பது. கலெக்டருக்கு டைப் அடிக்கத் தெரிய வேண்டும் என்று யாராவது கேட்கிறார்களா? அதுபோல் கணக்கெடுப்பு அலுவலரின் பொறுப்பு படிவத்தோடு முடிகிறது என்பதையும் நினைவூட்டுகிறேன்.

தங்கள்,
பாலசுப்பிரமணியம்

(கையால் எழுதியது) வெள்ளிக்கிழமை டிரங்க் காலில் நீங்கள் கத்தியது என் அறையிலிருந்த மூன்று பேருக்கும் கேட்டது. இனி அப்படிச் செய்யாதீர்கள்.


குன்னூர்,
29.9.1977

திரு. பாலசுப்பிரமணியம் அவர்களுக்கு,

கேட்டிருந்தால் நல்லதுதான். அந்த மூன்று பேரில் ஒருவருக்காவது புரிந்திருக்கும்.

ஜூன் மாதக் கூட்டத்தில் இரண்டு விஷயம் கேட்டேன். முதலில் ஐம்பது அட்டைகளை மட்டும் ஓட்டிப் பாருங்கள், வரும் விடையை நானும் என் உதவியாளர் நஞ்சப்பனும் வீடு வீடாகப் போய் ஒப்பிடுகிறோம் என்றேன். "நேரமில்லை" என்றீர்கள். ஒரு அட்டையில் எண்பது கட்டங்கள், நம் விவரம் எழுபத்திரண்டில் முடிகிறது, கடைசி எட்டைக் காலியாக விடுங்கள், பிற்பாடு ஏதாவது திருத்தம் வரும் என்றேன். "காலியாக எதற்கு?" என்று சிரித்துவிட்டு, அந்த எட்டிலும் திட்டத்தின் திறப்பு விழாத் தேதியைத் துளையிடச் சொன்னீர்கள். ஆயிரத்து நூற்று நாற்பது அட்டையிலும் அதே தேதி. அது யாருக்காக? கம்ப்யூட்டர் அதைப் படித்து மகிழ்ந்ததா? இன்று இந்தக் கார்டும் அந்தக் கார்டும் ஒரே குடும்பம் என்று குறிக்க ஒரு கட்டம்கூட மிச்சமில்லை.

கலெக்டருக்கு டைப் தெரிய வேண்டாம். ஆனால் டைப் அடித்து வந்ததைப் படித்துவிட்டுத்தானே கையெழுத்துப் போடுவார்? கட்டமும் அம்புக்குறியும் போட்டு ப்ரோகிராம்காரர் ஒரு ஃப்ளோ சார்ட் கொண்டுவந்தார். நீங்கள் அதன் அடியில் கையெழுத்திட்டீர்கள். நான் எதிரில்தான் உட்கார்ந்திருந்தேன். அதில் ஐந்தாவது கட்டத்தில் என்ன எழுதியிருந்தது, சொல்லுங்கள் பார்க்கலாம். ப்ரோகிராம் எழுத உங்களுக்குத் தெரிய வேண்டியதில்லை. எழுதியதன் வழியே ஒரு தெய்வம்மாவை நடத்திக் கூட்டிப்போகத் தெரிய வேண்டும். அவள் எந்த இடத்தில் வெளியே தள்ளப்படுகிறாள் என்று பார்க்கத் தெரிய வேண்டும். ஒரு அட்டையைத் துளையிட எவ்வளவு நேரமாகும், சரிபார்க்க எவ்வளவு நேரமாகும் என்று தெரியாமல் தேதி குறிப்பவரை மேலாளர் என்று சொல்ல முடியாது. கல்யாணப் பத்திரிகை அடிப்பவர் என்று சொல்லலாம்.

வடிவேலைப் பற்றி நஞ்சப்பன் நேற்று என்னிடம் சொன்னார்: "ஏனுங்க மேடம், அந்தப் பையன் ஊட்டுக்குள்ள நுழையறப்பவே 'அம்மா, பசிக்குது'ன்னுதானுங்க வாரான். இது தெரிய எனக்கு எந்த மிசினும் வேண்டீதில்லீங்க."

இங்கே மழை தொடங்கிவிட்டது. கொட்டகையில் ஒழுகுகிறது. அறுபது அடி தள்ளி, பூட்டிய வீடுகளின் ஓட்டில் விழுந்து தண்ணீர் அழகாக வடிகிறது.

யூனிஸ்


சென்னை,
4.10.1977

மிஸ் யூனிஸ்,

இதை டைப்பிஸ்டிடம் கொடுக்கவில்லை. நானே எழுதுகிறேன்.

உங்களுக்கு என்மேல் உள்ள இளக்காரம் இன்றைக்கு வந்ததல்ல. பல்கலைக்கழகத்தில் புள்ளியியல் வகுப்பில் நான் இரண்டு மாதம் உட்கார்ந்திருந்தேன், ஞாபகம் இருக்கிறதா? நான் கரும்பலகையில் போட்ட கணக்கை நீங்கள் எழுந்துபோய், ஒரு வார்த்தையும் பேசாமல், பாதியில் அழித்துத் திருத்திவிட்டு வந்து உட்கார்ந்தீர்கள். முப்பது பேர் சிரித்தார்கள். மறுவாரம் நான் சரித்திரத்துக்கு மாறினேன். அன்றிலிருந்து எண்கள் இருக்கும் காகிதத்தை முழுதாகப் படித்ததில்லை. கையெழுத்துப் போடுவேன். இருபத்தாறு வருடமாக அது போதுமானதாகத்தான் இருந்தது.

நீங்கள் கேட்ட ஐந்தாவது கட்டத்தை இரண்டு நாள் தேடினேன். ப்ரோகிராம்காரர் ஒப்பந்தம் முடிந்து வேறு ஊருக்குப் போய்விட்டார். கடைசியில் துளையிடும் அறைக்குப் போனேன். அங்கே பேச்சியம்மா என்றொரு ஆபரேட்டர். என்னைப் பார்த்ததும் எழுந்திருக்கக்கூட இல்லை. "சார், இதுல கையெழுத்துப் போட்டது நீங்கதானே? அப்பப் படிங்க பாப்போம்" என்றார். படித்தேன். புரியவில்லை என்றேன். "அதான் மூணு மாசமா எங்களுக்கும் தெரியுமே" என்று சொல்லிவிட்டு ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டார்.

தெய்வம்மாவின் அட்டையையும் வடிவேலின் அட்டையையும் கையில் வைத்துக்கொண்டு ஃப்ளோ சார்ட்டின் மேல் விரலை நகர்த்தினேன். ஐந்தாவது கட்டத்தில் 'இந்த அட்டையில் வேலைக்கு இருவர் உண்டா?' என்று கேட்கிறது. இல்லையென்றால் அம்புக்குறி நேராக வெளியே போகிறது. 'வேறு அட்டையில் உண்டா?' என்று கேட்கும் கட்டமே கிடையாது. நான் கையெழுத்திட்டது இதில்தான்.

உங்கள் கடிதத்தின் மேல் எனக்கு இன்னும் கோபம் இருக்கிறது. ஆனால் என்ன செய்ய வேண்டும் என்று சொல்லுங்கள்.

பாலசுப்பிரமணியம்


கீழ் கோத்தகிரி,
7.10.1977

திரு. பாலசுப்பிரமணியம் அவர்களுக்கு,

கரும்பலகை எனக்கு ஞாபகம் இல்லை. அழித்திருப்பேன்.

செய்ய வேண்டியது இது. ஒரே குடும்பமாக வாழும் கார்டுகளுக்கெல்லாம் ஒரே எண் கொடுக்க வேண்டும். நான்கு இலக்கம் போதும். அதை எழுபத்து மூன்றிலிருந்து எழுபத்தாறு வரையுள்ள கட்டங்களில் துளையிட வேண்டும். ப்ரோகிராம் முதலில் அந்த எண்ணை வைத்து அட்டைகளைச் சேர்க்க வேண்டும், பிறகுதான் ஆட்களை எண்ண வேண்டும். உங்கள் விழாத் தேதியை என்ன செய்வதென்று நீங்களே யோசியுங்கள். போட்ட துளையை அடைக்க முடியாது.

இப்போது கெட்ட செய்தி. யார் யாரோடு வாழ்கிறார்கள் என்று படிவத்தில் எங்குமே இல்லை. ஆகவே மூன்று நாளாக மறுபடியும் கொட்டகை கொட்டகையாகப் போகிறோம். ஒருவரும் சொல்ல மாட்டேன் என்கிறார்கள். பச்சைப் பொய். தெய்வம்மாவிடமே கேட்டேன், "வடிவேல் உன் மகன்தானே?" என்று. சுவரைப் பார்த்துக்கொண்டு, "கார்டுல இருக்கறதுதாங்க குடும்பம். கண்டியில அப்படித்தான் சொன்னாங்க. தலைமன்னாருல கப்பலேறறப்பவும் அதையேதான் கேட்டாங்க. மாத்திச் சொன்ன ஒரு ஆளை வரிசைய விட்டு இழுத்தாங்க, என் கண்ணால பாத்தேன்" என்றாள். அவன் சட்டை அவள் தலைக்கு மேலே கொடியில் காய்கிறது. இவர்களுக்காகத்தான் நான் உங்களோடு சண்டை போடுகிறேன். பெற்ற பிள்ளையை என் முகத்துக்கு நேராக இல்லையென்கிறார்கள். எனக்கு வந்த ஆத்திரத்தில் நோட்டைக் கீழே போட்டுவிட்டு வெளியே வந்து மழையில் நின்றேன்.

இன்னொன்று. தகுதியில்லை என்ற செய்தி பரவி, பதின்மூன்று கார்டுக்காரர்கள் பயந்துபோய் திங்கட்கிழமை வந்த முதல் பஸ்ஸிலேயே ஏறிவிட்டார்கள். அதில் ஆண்டாயி என்ற கிழவியும் உண்டு. அவள் மருமகள் இங்கேயே இருக்கிறாள். அவளும் வாய் திறக்க மறுக்கிறாள்.

தேதியைத் தள்ளிப்போட முடியுமா என்று கேளுங்கள்.

யூனிஸ்


சென்னை,
11.10.1977

மிஸ் யூனிஸ்,

தேதியைத் தள்ளிப்போட முடியாது என்று சொல்லிவிட்டார்கள். நான் கெஞ்சினேன். உங்களிடம் சொல்லத் தேவையில்லை, இருந்தாலும் சொல்கிறேன்.

விழாத் தேதிக்கு வழி கிடைத்தது. ஒரு அட்டையைப் பார்த்து இன்னொரு அட்டையில் அப்படியே துளையிடும் நகல் இயந்திரம் இங்கே இருக்கிறது. அதன் பின்பக்கம் ஒரு பலகையில் கம்பிகள் செருகியிருக்கும். எழுபத்திரண்டாம் கட்டம் வரைக்கும் கம்பியை வைத்துவிட்டு மீதியைப் பிடுங்கிவிட்டால், கடைசி எட்டுக் கட்டங்கள் காலியாகவே வரும். பேச்சியம்மா சொல்லிக்கொடுத்தார், நானே பிடுங்கினேன். எட்டுக் கம்பிகள். ஒவ்வொன்றையும் பிடுங்கும்போது அவர் சத்தமாக எண்ணினார். என்னைக் கேலி செய்வதற்காகத்தான். ஆயிரத்து நூற்று நாற்பதும் நகலாகிவிட்டன. உங்கள் எண்கள் வந்தால் துளையிடலாம்.

இப்போது நான் கேட்கிறேன். மக்கள் பொய் சொல்கிறார்கள் என்றீர்கள். கணக்கெடுப்பாளர்களுக்கான வழிகாட்டிப் புத்தகத்தை நேற்று முதல் பக்கத்திலிருந்து படித்தேன். படிக்கச் சொன்னது நீங்கள்தானே? நான்காம் பக்கம், ஆறாம் குறிப்பு: 'ஃபேமிலி கார்டில் பெயர் இல்லாத எவரையும் குடும்பத்தினர் என எழுதக் கூடாது. அவ்வாறு சொல்பவரின் பதிவு நிறுத்திவைக்கப்படும். இதைக் கேள்விக்கு முன் உரக்கப் படித்துக்காட்டவும்.' கீழே கையெழுத்து உங்களுடையது. என் கையெழுத்து இல்லை. ஃப்ளோ சார்ட்டுக்கு இரண்டு மாதம் முன்னால் எழுதியது.

ப்ரோகிராம்காரர் அந்தக் குறிப்பை அப்படியே படமாக வரைந்தார், அவ்வளவுதான். ஐந்தாவது கட்டம் உங்கள் ஆறாம் குறிப்பு. மே மாதம் அறுநூற்றுப் பதினொரு கார்டுக்காரர்கள் காதிலும் மிரட்டலை ஓதிவிட்டு, அக்டோபரில் போய் நிஜத்தைச் சொல் என்றால் எப்படிச் சொல்வார்கள்? நான் படிக்காமல் கையெழுத்திட்டேன். நீங்கள் யோசித்து எழுதிக் கையெழுத்திட்டீர்கள். இல்லாத ஆளை யாராவது சேர்த்துச் சொல்லிவிடுவார்களோ என்ற உங்கள் சந்தேகம் உங்களுக்குப் பெரிதாக இருந்தது. அந்தப் பெண் மகனை மறுத்தாள் என்று எழுதியிருக்கிறீர்களே, அவளுக்கு மறுக்கச் சொல்லிக்கொடுத்தது யார்?

இதைக் கண்டுபிடித்ததும் சந்தோஷப்படுவேன் என்று நினைத்தேன். இல்லை. பதினெட்டாம் தேதிக்குள் பட்டியல் வர வேண்டும். என்ன செய்யப்போகிறீர்கள்?

பாலசுப்பிரமணியம்


கீழ் கோத்தகிரி,
15.10.1977
(நஞ்சப்பன் கையில் கொடுத்தனுப்பியது)

பாலசுப்பிரமணியம்,

குறிப்பு என்னுடையது. தவறு என்னுடையது. எந்த விளக்கமும் எழுதப்போவதில்லை.

உங்கள் கடிதம் வந்த அன்று முழுதும் உங்கள்மேல் கோபமாக இருந்தேன். மறுநாள் காலையில் அந்தப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு கொட்டகைகளுக்கு நடுவே போய் நின்றேன். நான்காம் பக்கத்தைக் கிழித்து, இது இனி இல்லை என்று எல்லோர் முன்னாலும் சொன்னேன். யாரும் நம்பவில்லை. அரசாங்கக் காகிதத்தை ஒருத்தி கிழித்தால் நம்பிவிடுகிறவர்களா அவர்கள்? நானும் நம்பியிருக்க மாட்டேன்.

அப்போதுதான் கேள்வியை மாற்றினேன். குடும்பம், கார்டு, உறவு என்ற பேச்சையே எடுக்கவில்லை. "ஒரு வேளைக்கு எத்தனை பேருக்கு உலை வைக்கிறீங்க? யாராருக்கு?" என்று மட்டும் கேட்டேன். தெய்வம்மா விறகு ஊதிக்கொண்டிருந்தாள். நிமிராமலே, "மூணு பேருக்குங்க. எனக்கு, சின்னவளுக்கு, வடிவேலுக்கு. அவன் ரெண்டாள் சோறு திம்பான், நாலுன்னே எழுதிக்கங்க" என்றாள். சொல்லிவிட்டுச் சட்டென்று நிமிர்ந்து என் முகத்தைப் பார்த்தாள். நான் எழுதிக்கொண்டே இருந்தேன். அவள் மறுபடியும் குனிந்து விறகை ஊதினாள்.

அதன்பின் அடுப்பு அடுப்பாகப் போனோம். எந்த அடுப்பில் எந்தெந்தக் கார்டு என்று பத்தொன்பது தாள்களில் இருக்கிறது. அடுப்புக்கு ஒரு எண். பதின்மூன்று கார்டுகளுக்கு எதிரே மட்டும் காலியாக விட்டிருக்கிறேன். அவர்கள் அடுப்பு எந்த முகாமில் எரிகிறது என்று எனக்குத் தெரியாது.

முழுதும் ஓட்டுவதற்கு முன் ஐம்பது அட்டைகளை ஓட்டிப் பாருங்கள். எந்த ஐம்பது என்று முதல் தாளில் குறித்திருக்கிறேன். விடையைத் தனி உறையில் ஒட்டிக் கொடுத்திருக்கிறேன். ஓட்டிய பிறகு பிரியுங்கள்.

நஞ்சப்பனுக்குச் சென்னை வெயில் பழக்கமில்லை. சாப்பாடு வாங்கிக் கொடுங்கள்.

யூனிஸ்


சென்னை,
18.10.1977

யூனிஸ்,

ஐம்பதும் ஓட்டினோம். உறையைப் பிரித்தோம். நாற்பத்தெட்டு பொருந்தின. இரண்டு தவறு. இரண்டும் நான் துளையிட்டவை.

ஆம், நானும் உட்கார்ந்தேன். ஆபரேட்டர்கள் இரண்டு பேர்தான், வேலை நிறைய. நான் நூற்றைம்பது அட்டைகள் துளையிட்டேன். பேச்சியம்மா சரிபார்க்கும் இயந்திரத்தில் திரும்ப அடித்ததில் மேலும் ஒன்பது தவறுகளைப் பிடித்தார். "சார், நீங்க மேலாளராவே இருங்க, அதுல தப்பு பண்ணா எங்களுக்குத் தெரியறதுக்கு மூணு மாசமாவது ஆவுது" என்றார். நஞ்சப்பன் சிரித்த சிரிப்பில் ஏ.சி. அறையே அதிர்ந்தது. ப்ரோகிராமில் அட்டைகளைச் சேர்க்கும் பகுதியைக் கம்ப்யூட்டர் நிலையத்து ஆசிரியர் ஒருவர் எழுதிக்கொடுத்தார். இம்முறை ஃப்ளோ சார்ட்டில் கையெழுத்திடுவதற்கு முன் அவரை இரண்டு மணி நேரம் கேள்வி கேட்டேன். அவர் என்னைத் திட்டினார். பரவாயில்லை.

பட்டியல் நஞ்சப்பனிடம் இருக்கிறது. 611 கார்டுகளில் 546 சேர்ந்து 260 குடும்பங்களாகிவிட்டன. அவர்களுக்கு வீடு உண்டு. 52 பேர் உண்மையிலேயே தனி ஆட்கள். அவர்களை அனுப்பக் கூடாது என்று எழுதியிருக்கிறேன், இன்னும் நூற்றுப் பதினொரு வீடுகள் காலியாக இருக்கின்றன என்பதையும் சேர்த்து. மிச்சம் பதின்மூன்று அட்டைகளை இத்துடன் வைத்திருக்கிறேன். எழுபத்து மூன்று முதல் எழுபத்தாறு வரை காலி.

விழாத் தேதியைத் துளையிடச் சொன்னது நான்தான் என்று மேலிடத்தில் எழுத்தில் கொடுத்துவிட்டேன். ஆறாம் குறிப்பைப் பற்றி எழுதவில்லை. அதை எழுத வேண்டியது நானல்ல.

பாலசுப்பிரமணியம்


கீழ் கோத்தகிரி,
24.10.1977

பாலசுப்பிரமணியம்,

ஆறாம் குறிப்பைப் பற்றி நேற்று நானே எழுதி அனுப்பிவிட்டேன். நகல் இத்துடன்.

இருபதாம் தேதி பஸ்கள் காலியாகத் திரும்பின. ஓட்டுநர்கள் வீண் அலைச்சல் என்று என்னைத் திட்டினார்கள். 52 பேரின் விஷயம் இன்னும் முடியவில்லை. அதுவரை கொட்டகையை இடிக்க விடமாட்டேன் என்று சொல்லியிருக்கிறேன்.

சாவி கொடுக்கும்போது தெய்வம்மா நன்றி சொல்வாள் என்று நான் எதிர்பார்க்கவில்லை. அவளும் சொல்லவில்லை. சாவியை முந்தானையில் முடிந்துகொண்டு கேட்டாள்: "அன்னைக்கே சோத்தைக் கேட்டிருந்தா சொல்லியிருப்பமே, அம்மா. கார்டைத்தானே கேட்டீங்க?" வடிவேல், "சும்மாயிரும்மா" என்று அவளை இழுத்தான். அவள் நகரவில்லை. பதில் வரும்வரை நின்றாள். "ஆமாம், தப்பாகக் கேட்டுவிட்டேன்" என்றேன். அதற்குப் பிறகுதான் போனாள். இருபத்தைந்து வருடமாக எத்தனையோ ஊர்களில் கணக்கெடுத்திருக்கிறேன். என் கேள்வியைப் பற்றி என்னிடம் கேள்வி கேட்டவள் அவள் ஒருத்திதான்.

ஆண்டாயியின் மருமகள் இன்று காலையில் வந்தாள். ஒரு தட்டை என் மேசையில் வைத்தாள், ஈயத் தட்டு. "அத்தை இதுலதான் சாப்பிடும். கொண்டுபோய்க் குடுத்துருங்க" என்றாள். எங்கே என்று நான் கேட்கவில்லை. அவளுக்கும் தெரியாது.

உங்கள்மேல் கோபம் இன்னும் இருக்கிறது. ஐம்பது அட்டைகளை ஜூனில் ஓட்டியிருந்தால் என் குறிப்பு ஜூனிலேயே பிடிபட்டிருக்கும். இந்தப் பதின்மூன்று கார்டுக்காரர்களும் இங்கேயே இருந்திருப்பார்கள். இதை நான் மறக்கப்போவதில்லை, நீங்களும் மறக்காதீர்கள்.

விடுப்பு விண்ணப்பம் இத்துடன் இருக்கிறது. பத்து நாள். நாளை மேட்டுப்பாளையம் இறங்கி அங்கிருந்து முகாம் முகாமாகப் போகிறேன். பதின்மூன்று அட்டைகளும் தட்டும் என் பையில். மழையில் நனையாமலிருக்க அட்டைகளை எண்ணெய்த்தாளில் சுற்றியிருக்கிறேன். நனைந்தால் ஊதிவிடும், இயந்திரம் எடுக்காது என்று உங்கள் பேச்சியம்மா நஞ்சப்பனிடம் சொல்லி அனுப்பியிருக்கிறார்.

முதல் முகாமில் வியாழக்கிழமை வரை இருப்பேன். நீங்கள் வருவதானால் முத்திரையும் டைப்பிஸ்டும் வேண்டாம். ஒரு பேனா போதும். நான் கேட்கிறேன், நீங்கள் எழுதுங்கள்.

யூனிஸ்